மகள் சிங்கப்பூரில், பென்ஷன் ரூபாயில்: எந்த நாட்டில் போய் இருக்கலாம்?

உறையூரான்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

எனக்கு 62, வீட்டுக்காரம்மாவுக்கு 58. திருச்சி உறையூர்ல சொந்த வீடு. கூட்டுறவுத் துறையில 34 வருஷம் ஓட்டிட்டு ஓய்வு. பென்ஷன், மாடி வாடகை, வட்டி எல்லாம் சேர்த்தா மாசம் ஒரு லட்சத்து அஞ்சாயிரம் கைக்கு வருது. டெபாசிட்ல ஒரு 65 லட்சம் கிடக்கு. கடன் கிடையாது. ஒரே பொண்ணு, சிங்கப்பூர்ல எம்ப்ளாய்மென்ட் பாஸ்ல இருக்கா. பேரனுக்கு ரெண்டரை வயசு.

ஏன் கிளம்பணும்னு கேப்பீங்க. போன ஐப்பசியில வீட்டுக்காரம்மா காய்கறி வாங்கிட்டு வரும்போது சாக்கடை மேல போட்ட சிலாப் ஆடி, விழுந்து மணிக்கட்டு முறிஞ்சிருச்சு. கட்டு பிரிச்சாச்சு, பயம் பிரியலை. தெருமுனைக் கடைக்குக்கூட நான் கையைப் பிடிச்சுக்கிட்டுப் போகணும். ஜனவரியில பொண்ணு வீட்டுக்குப் போனப்ப மலேசியாவுல இருக்கிற பினாங்குல அஞ்சு நாள் இருந்தோம். அங்கே விடியறதே ஏழு மணிக்கு மேலதான். ஏழரைக்கு கர்னி டிரைவ் கடலோரமா ரெண்டு பேரும் நடந்தோம். பாதி தூரம் போனப்புறம்தான் கவனிச்சேன், இவ என் கையைப் பிடிக்காம நடக்கிறா. அன்னைக்குப் பிடிச்ச பைத்தியம் இது.

பொண்ணு கூடவே இருக்கலாம்னா, பெத்தவங்களை நீண்ட கால பாஸ்ல கூட்டி வச்சுக்க மாசச் சம்பளம் 12,000 சிங்கப்பூர் டாலர் வேணுமாம். அவளுக்கு அவ்வளவு இல்லை. அதனால பக்கத்து நாடுகள்ல செலவு கம்மியா, வசதியா எங்கே இருக்கலாம்னு பாக்கிறேன். மனசுல இருக்கிறது பினாங்கு, அதே மலேசியாவுல ஜோகூர் பாரு, தாய்லாந்து சியாங் மாய், யாழ்ப்பாணம். இவ சுத்த சைவம், நான் அப்பப்ப மீன். எனக்கு 11 வருஷமா சக்கரை.

இருக்கிறவங்க, இருந்தவங்க சொல்லுங்க. "பேசாம ஊர்லயே இருங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க. அதைச் சொல்ல இங்கே எனக்கு ரெண்டு மச்சான் இருக்காங்க.


கேஎல் பையன்:

வணக்கம் ஐயா. பினாங்குதான். யோசிக்கவே வேணாம். ரெண்டு பேருக்கு மாசம் 4,000, 5,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்) இருந்தா நல்லாவே இருக்கலாம். தமிழ் ஓடும், கோயில் இருக்கு, சைவக் கடை நிறைய இருக்கு. சிங்கப்பூருக்கு பஸ்ஸும் இருக்கு, பிளேனும் இருக்கு.

விசா கதை எனக்குத் தெரியாது, நான் இங்கேயே பொறந்தவன்.


பழைய கப்பல்காரன்:

தூத்துக்குடிக்காரன், கப்பல்ல இஞ்சின் ரூம்ல 26 வருஷம். நாலு வருஷமா சியாங் மாய்ல இருக்கேன். நீங்க சொன்ன நாலுல, உங்க பணத்துக்குக் கதவு திறக்கிறது தாய்லாந்து மட்டும்தான்னு நினைக்கிறேன்.

50 வயசு தாண்டியிருக்கணும். தாய் பேங்க்ல உங்க பேர்ல 8 லட்சம் பாட். விண்ணப்பத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடியே அது கணக்குல இருக்கணும், விசா கிடைச்ச பிறகும் மூணு மாசம் தொடக்கூடாது. அப்புறம் 4 லட்சத்துக்குக் கீழே இறங்காம பாத்துக்கணும். டெபாசிட் வேண்டாம்னா மாசம் 65,000 பாட் வருமானம் காட்டணும், அது உங்களுக்குத் தேறாது. 8 லட்சம் பாட் நம்ம காசுக்கு 21, 22 லட்சம். வீட்டுக்காரம்மா உங்களைச் சார்ந்தவங்களா வரலாம், அவங்களுக்குத் தனி டெபாசிட் கிடையாது. வருஷா வருஷம் 1,900 பாட் கட்டிப் புதுப்பிக்கணும். 90 நாளைக்கு ஒரு தடவை "நான் இங்கேதான் இருக்கேன்"னு குடிநுழைவு (இமிக்ரேஷன்) ஆபீஸ்ல சொல்லணும். சொல்லாம விட்டா அபராதம். நான் ஒரு தடவை கட்டியிருக்கேன். மறதிதான், வேற யாரையும் குத்தம் சொல்ல முடியாது.

பணம் அனுப்புறப்ப ஒண்ணு கவனிங்க. ஒரு நிதியாண்டுல ஒருத்தர் 10 லட்சத்துக்கு மேல வெளிநாட்டுக்கு அனுப்பினா, மேல போற தொகைக்கு 20 சதவீதம் பேங்க்லயே வரியாப் பிடிச்சுக்குவாங்க. ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். ஆனா அதுவரைக்கும் அந்தப் பணம் உங்க கையில இல்லை. மார்ச்ல கொஞ்சம், ஏப்ரல்ல கொஞ்சம்னு பிரிச்சு அனுப்பலாம்.

சந்திதாம் பக்கம் ஒரு படுக்கையறை வீடு, 11,000 பாட் கொடுக்கிறேன். நிம்மான் பக்கம் போகாதீங்க, காப்பிக் கடைக்காரனுக்குத்தான் வாடகை கட்டுப்படியாகும். நடைபாதை எதிர்பார்த்து வரவேண்டாம். நம்ம ஊர் மாதிரிதான், நடுவுல மின்கம்பம் நிக்கும். பழைய கோட்டை அகழியோரம் நல்லா நடக்கலாம்.

சாப்பாட்டுல மீன் சாறு கலக்காத பதார்த்தம் அபூர்வம். மஞ்சள் கொடியில செவப்பா எழுத்துப் போட்ட கடை சைவக் கடை, "கின் ஜே"ன்னு சொன்னா புரிஞ்சுக்குவாங்க. முருங்கைக்காய் கிடைக்கும், அவங்க "மரும்"னு சொல்றாங்க. கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. கறிவேப்பிலைதான் பாடு. பால்கனியில தொட்டியில வளர்க்கிறேன், கிளை ஒடிக்க மனசு வராம ரெண்டு ரெண்டு இலையாக் கிள்ளுறேன்.

பெரிய குறை புகை. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் வயலையும் காட்டையும் எரிப்பாங்க. தோய் சுதேப் மலை ஜன்னலுக்கு நேரே நிக்கும், அந்த மாசங்கள்ல அது இருக்கிற இடமே தெரியாது. நான் பங்குனியில ஊருக்கு வந்திடுவேன். அந்த டிக்கெட்டையும் வருஷச் செலவுல சேர்த்துக்குங்க.


வல்லிபுரத்தான்:

வணக்கம் ஐயா, யாழ்ப்பாணத்திலையிருந்து எழுதுறன். எங்கட ஊரையும் பட்டியல்ல போட்டதுக்குச் சந்தோசம். திருச்சியிலையிருந்து எங்கட பலாலி விமான நிலையத்துக்கு 2025 இல நேர விமானம் தொடங்கினவை. நாகபட்டினத்திலையிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் ஓடுது. கதைக்கிறதுக்கு ஆளில்லை எண்ட கவலை உங்கட வீட்டம்மாக்கு இராது. கோயில் குளம் பற்றிச் சொல்லத் தேவையில்லை, நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும்.

ஆனா விசாவைப் பாருங்கோ. 55 வயசுக்கு மேற்பட்ட ஆக்களுக்கு ஒரு திட்டம் இருக்கு. 15,000 அமெரிக்க டொலர் வைப்பு, மாசம் 1,500 டொலர் வெளியிலையிருந்து வரவேணும், கூட வாற ஆளுக்கு இன்னும் 750. காணி வாங்கலாம் எண்டு நினையாதேங்கோ, 2014 சட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டு ஆக்களுக்குக் காணி வாங்கேலாது. வாடகைக்கு வீடு எடுக்கலாம், ஆனா வெளிநாட்டில இருக்கிற எங்கட சனம் லீவுக்கு வந்து குடுக்கிற காசால வாடகையும் ஏறிப்போச்சு.

வந்து ஒரு மாசம் இருந்து பாருங்கோ. பனங்கிழங்குக் காலத்தில வந்தால் இன்னும் நல்லது.


தஞ்சாவூர்க்காரி:

சார், இன்னைக்கு ஏகாதசி, அடுப்பு வேலை இல்லை. அதனால உட்கார்ந்து முழுசா எழுதிடறேன். நாங்க பினாங்கு பாயான் பாருல இருக்கோம், 2018-ல வந்தோம். நீங்க கர்னி டிரைவ்ல நடந்ததைப் படிச்சதும் என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்துது. அவரும் இதே மாதிரி ஒரு காலை நடையிலதான் இந்த ஊர்கிட்ட மனசைப் பறிகொடுத்தார்.

எல்லாரும் முதல்ல வீட்டு வாடகை, கத்திரிக்காய் விலைன்னு ஆரம்பிப்பாங்க. நாங்களும் அப்படித்தான் ஆரம்பிச்சோம். அதைக் கடைசியில பாருங்க சார். இந்த நாடு என்னை எத்தனை வருஷம் இருக்க விடும், நடுவுல விதியை மாத்தினா என் கதி என்னன்னு அதை முதல்ல பாருங்க.

எங்க கதையைச் சொல்றேன். எம்எம்2எச்னு இங்கே நீண்ட காலம் தங்கற விசா, 2002-லேருந்து இருக்கு. நாங்க வந்தப்போ 50 வயசுக்கு மேலன்னா ஒண்ணரை லட்சம் வெள்ளி டெபாசிட், வெளிநாட்டு வருமானம் மாசம் 10,000 வெள்ளி, விசா பத்து வருஷம். அப்போ வெள்ளி 17 ரூபாய் கிட்ட. டெபாசிட் 25 லட்சத்துல முடிஞ்சுது. ஒரு வருஷம் கழிச்சு அதுல 50,000 வெள்ளியை வைத்தியம், வீடுன்னு திரும்ப எடுத்துக்கலாம். இதைவிட என்ன வேணும்னு வந்துட்டோம்.

2021 ஆகஸ்ட்ல ஒரு நாள் அறிவிப்பு வந்துது. இனிமே மாச வருமானம் 40,000 வெள்ளி, டெபாசிட் 10 லட்சம் வெள்ளி, அதுக்கு மேல கையிருப்பு 15 லட்சம் வெள்ளி காட்டணும். ஏற்கெனவே இருக்கிறவங்களுக்கும் இது பொருந்தும்னு பேச்சு. அன்னைக்கு ராத்திரி அவர் காலண்டர் தாளைக் கிழிச்சுப் பின்பக்கம் கணக்குப் போட்டார். எங்கே சுத்தினாலும் தஞ்சாவூர் வீட்டை வித்தாத்தான் தேறும். காலையில நான் தோசைக்கல்லை அடுப்புல வைக்கவே இல்லை, ரெண்டு பேரும் ரொட்டியைத் தின்னுட்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு பழையவங்களுக்கு விலக்குன்னு சொல்லிட்டாங்க. வருஷக் கட்டணம் மட்டும் 90 வெள்ளியிலேருந்து 500 ஆச்சு. பெரிய விஷயமில்லை. ஆனா அன்னைக்கு வாங்கறதா இருந்த சோபாவை நான் இன்னும் வாங்கலை. வீட்டு ஓனர் விட்டுட்டுப் போன பழசுலதான் உட்கார்ந்து இதை எழுதறேன்.

இப்போ இருக்கற விதி 2024-ல வந்தது. கீழ்த்தட்டே சில்வர் தரம், அதுக்கு டெபாசிட் ஒண்ணரை லட்சம் அமெரிக்க டாலர். டாலர் 88 ரூபாய்னு வச்சாலும் 1 கோடியே 32 லட்சம். கூடவே 6 லட்சம் வெள்ளிக்குக் குறையாம வீடு வாங்கணும், அது ஒரு 1 கோடியே 20 லட்சம். கேஎல் பையன் தம்பி கோவிச்சுக்கக் கூடாது, 5,000 வெள்ளியில இருக்கலாம்கறது உண்மைதான். ஆனா இருக்கறதுக்கு உள்ளே வரணுமே, அந்த வாசல்ல ரெண்டரைக் கோடி கேக்கறாங்க.

ஒரு குறுக்கு வழி இருக்கு, உங்க காதுக்கு எப்படியும் வரும். ஜோகூர்ல கடலைத் தூர்த்துக் கட்டின ஃபாரஸ்ட் சிட்டிக்குத் தனிச் சலுகை. 50 தாண்டினவங்களுக்கு டெபாசிட் 32,000 டாலர்தான், 28 லட்சத்துல முடியும். சிங்கப்பூருக்குப் போற இரண்டாவது பாலமும் அங்கேருந்து பக்கம். கேட்டா ஆசையா இருக்கும். ஆனா வீடு அங்கேயேதான் வாங்கணும். நாங்க ஒரு தடவை போய் ஒரு ராத்திரி தங்கினோம். எதிர்க் கட்டடத்துல விளக்கு எரியற ஜன்னலை எண்ணினேன், இருபது தேறலை. கறிவேப்பிலை வாங்கக் காரை எடுக்கணும். உங்க 65 லட்சத்துல பெரும்பங்கை அங்கே வீடா மாத்திட்டா, அதைத் திரும்ப யார்கிட்ட விப்பீங்க? சரவாக் மாநிலத்துக்குக் குடிநுழைவு அதிகாரம் தனி, எம்எம்2எச்சும் தனியா நடத்தறாங்க. அங்கே இருக்கற குச்சிங் அழகான ஊர். ஆனா பொண்ணு ஒரு பக்கம், நீங்க கடல் தாண்டி இன்னொரு பக்கம், அப்போ திருச்சி என்ன குத்தம் பண்ணித்து?

விசா இல்லாம 30 நாள் வரலாம், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2026 கடைசி வரைக்கும் அந்தச் சலுகை இருக்கு. அதை வச்சுக்கிட்டு எல்லை தாண்டித் தாய்லாந்து ஹாட்யாய்க்கு ஒரு நடை போயிட்டு வந்து இன்னொரு 30 நாள்னு ஓட்டறவங்க உண்டு. எங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அப்படித்தான் ஓட்டினார். மூணாவது தடவை எல்லையில ரெண்டு மணி நேரம் உட்கார வச்சு, திரும்பற டிக்கெட் எங்கே, எங்கே தங்கறே, என்ன வேலை பாக்கறேன்னு குடைஞ்சுட்டாங்க. 60 வயசுல ஒரு சின்னப் பையன் முன்னாடி கையைக் கட்டிண்டு பதில் சொல்றது நல்லாவா இருக்கு?

இப்போ செலவு. நோட்டுல எழுதி வைக்கற பழக்கம் எனக்கு. போன மாசம் வாடகை 1,700, கரண்ட் 210 (ராத்திரி மட்டும்தான் ஏசி), தண்ணி 18, இன்டர்நெட் 110, மளிகை காய்கறி பால் 900, வெளியில சாப்பிட்டது 300, பெட்ரோல் டோல் 250, டாக்டர் மாத்திரை 380, ரெண்டு பேருக்கும் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் 1,150. கூட்டினா 5,018 வெள்ளி. 2018-ல இதே நோட்டுல இதே மாசம் 3,650. வெள்ளியில பார்த்தா ஏழு வருஷத்துக்கு அது ஒண்ணும் அநியாயம் இல்லை. ரூபாயில பாருங்க. அன்னைக்கு 62,000, இன்னைக்கு வெள்ளி 20 ரூபாயைத் தாண்டினதால ஒரு லட்சத்துக்கு மேல. மூணுல ரெண்டு பங்கு இங்கே விலை ஏறினது, மீதி நம்ம ரூபாய் இறங்கினது. வருமானம் ரூபாயிலயும் செலவு வேற காசுலயும் இருக்கறவங்களுக்கு இந்த அடி ஓயாது. ஊருக்குப் போற டிக்கெட், கல்யாணம் காட்சி, பல் டாக்டர், கார் டயர் எதுவும் இந்த 5,018-ல இல்லை.

இன்சூரன்ஸ்னு சொன்னேன் இல்லையா, அதுல ஒரு கதை. 2022-ல ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு அவருக்கு நெஞ்சு அடைக்கறது. பக்கத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அட்மிஷனுக்கு முன்பணம் கட்டணும்னாங்க, அது எங்கேயும் வழக்கம்தான். நான் இந்திய கார்டை நீட்டறேன், ஓடிபி கேக்கறது. அது வரவேண்டிய இந்திய சிம்முக்கு ரீசார்ஜ் முடிஞ்சு பத்து நாளாயிருக்கு. மனுஷன் சக்கர நாற்காலியில நெஞ்சைப் பிடிச்சுண்டு, நான் கவுண்டர்ல ஆறு நம்பருக்காகக் காத்துண்டு. கடைசியில மேல் மாடிச் சீன ஆன்டிக்கு போன் பண்ணினேன். இரவு உடுப்போட ஓடி வந்து தன் கார்டுல 5,000 வெள்ளி தேச்சா. காலையில பார்த்தா இதயத்துல ஒண்ணுமில்லை, வாயு! முந்தின நாள் சாப்பிட்ட பலாக்கொட்டை. சிரிச்சுட்டோம், ஆனா அன்னையிலேருந்து ஒரு பழைய போன்ல இந்திய சிம்மைப் போட்டு ரோமிங்கோட உயிரோட வச்சிருக்கேன். ஃபிரிட்ஜ் மேலதான் இருக்கும், யாரும் தொடக்கூடாது.

உங்களுக்கு 62, 11 வருஷச் சக்கரை. நம்ம ஊர் மூத்த குடிமக்கள் பாலிசி இங்கே செல்லாது. புதுசா எடுக்கப் போனா சக்கரையால வர்றது எதையும் சேர்க்க மாட்டேன்னு எழுதிக் குடுப்பாங்க, இல்லைன்னா பிரீமியத்தைக் கேட்டே தலை சுத்தும். எந்த நாடா இருந்தாலும் வாடகை விளம்பரம் பாக்கறதுக்கு முன்னாடி அந்த ஊர் இன்சூரன்ஸ் விலையை எழுத்துல வாங்குங்க.

அடுத்தது காகிதம். இதை யாரும் சொல்ல மாட்டாங்க. உங்க கல்யாணம் பதிவு பண்ணியிருக்கா? எங்களுது பண்ணலை. கோயில்ல தாலி கட்டினோம், ஆயிரம் பேர் சாப்பிட்டாங்க, அதுக்கு மேல யாருக்கு என்ன ருசு வேணும்னு இருந்துட்டோம். விசாவுக்குத் துணைவின்னு காட்ட சர்ட்டிபிகேட் கேட்டாங்க. 31 வருஷம் கழிச்சு சார்பதிவாளர் ஆபீஸ்ல மாலையெல்லாம் இல்லாம நின்னோம். சாட்சிக் கையெழுத்து என் நாத்தனார் போட்டா. முதல் கல்யாணத்துல சீர் பத்தலைன்னு கோவிச்சுண்டு போனவ, இந்தத் தடவை ஒழுங்கா நின்னா.

அதோட இனிஷியல். அவர் பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா, பேங்க்ல ஒரு எழுத்து, பென்ஷன் புத்தகத்துல ரெண்டு எழுத்து, என் பாஸ்போர்ட்ல கணவர் பேரோட எழுத்துக்கூட்டலே வேற. எல்லாரும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்க அஞ்சு மாசம் ஆச்சு. பரதேசத்துக்காரங்களுக்கு இனிஷியல்னா என்னன்னு புரிய வைக்க முடியாது சார், நான் முயற்சி பண்ணிப் பார்த்துட்டேன்.

நல்லதையும் சொல்லணும். வந்த புதுசுல எதிர்வீட்டுத் தமிழம்மா காலையில "பசியாறிட்டீங்களா?"ன்னு கேட்டா. என்ன இது, சோத்துக்கு இல்லாதவன்னு நினைச்சுட்டாளான்னு சுருக்குனு இருந்துது. இங்கே காலை டிபன் சாப்பிடறதுக்கே பசியாறறதுன்னுதான் பேர். இப்போ தஞ்சாவூர் போனாலும் என் வாயில அதுதான் வர்றது, தங்கைகள் சிரிக்கறாங்க. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுவேன், 513 படி, எனக்கு 60 வயசு. கீரை, முருங்கை, வாழைப்பூ எல்லாம் கிடைக்கும். தெரியாதவன்கூட கதவைத் திறந்து பிடிச்சுண்டு நிப்பான். உங்க வீட்டுக்காரம்மா கையை விட்டுட்டு நடந்தாங்களே, அது பொய்யில்லை.

அதனால ஊர்லயே இருங்கன்னு நான் சொல்லலை. உறையூர் வீட்டை விக்காதீங்க, காலி பண்ணாதீங்க. வருஷத்துல ஒரு மாசம் பொண்ணு வீடு, அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ 25 நாள் ஜோகூர் பாருலயோ இங்கேயோ வாடகை வீடு. ஓட்டல் வேண்டாம், சமையலறை இருக்கற வீடா எடுங்க, குப்பையை எங்கே போடறது, மாத்திரை எங்கே வாங்கறதுன்னு தெரியணும். சிங்கப்பூர் எல்லையிலேருந்து ஜோகூருக்கு ரயில் வரப்போறது, 2026 கடைசிக்குள்ளன்னு சொல்றாங்க. வந்துதுன்னா வாரக் கடைசியில பேரன் உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போகலாம். ரெண்டு வருஷம் இப்படி ஓட்டிப் பாருங்க. அதுக்குள்ள முழுசாப் போகணும்னு தோணினா, கப்பல்காரர் சொன்ன தாய்லாந்துதான் உங்க காசுக்கு ஒத்து வரும். ஆனா முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க. நீங்க பேப்பர் படிப்பீங்க, நடப்பீங்க, போன்ல இந்த மாதிரி எழுதுவீங்க. காலையில பதினோரு மணிக்கு அவங்க யார்கிட்ட பேசுவாங்க?


உறையூரான்:

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதணும், முடியலை.

வல்லிபுரத்தான் தம்பி, கணக்குப் போட்டுப் பாத்தேன். எங்க ரெண்டு பேருக்கும் மாசம் 2,250 டாலர், கிட்டத்தட்ட ரெண்டு லட்சம் ரூபாய். எனக்கு வர்றதே அதுல பாதி. பனங்கிழங்குக் காலத்துல விருந்தாளியா வர்றோம்.

தஞ்சாவூர்க்காரி அம்மா எழுதினதை இவளுக்கு சத்தமாப் படிச்சுக் காட்டினேன். பலாக்கொட்டைக்குச் சிரிச்சா. கடைசி வரிக்கு ஒண்ணும் பேசலை. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு வந்து, "அந்தக் கறிவேப்பிலை தொட்டிக்காரர் இருக்காரே, அவரு வீட்டுக்காரம்மா அங்கே யார்கூடப் பேசுவாங்களாம்? கேட்டுச் சொல்லுங்க"ன்னா. கப்பல்காரர் சார், தப்பா எடுத்துக்காதீங்க, கேட்டுட்டேன்.


பழைய கப்பல்காரன்:

தப்பா எடுக்க என்ன இருக்கு சார். நான் தனியாள். அவ போய் ஆறு வருஷம் ஆகுது. தாய்ச்செடி ஊர்ல அவ கையால வச்சது, அதோட விதையைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டு வந்து இங்கே முளைக்க வச்சேன்.

பேச ஆள்னு கேட்டா, வாரத்துக்கு ஒரு தடவை வரோரோட் சந்தையில முருங்கை விக்கிற கிழவி. அவ தாய்ல பேசுவா, நான் தமிழ்ல பேசுவேன். விலையில மட்டும் ரெண்டு பேருக்கும் குழப்பமே வந்ததில்லை.


தஞ்சாவூர்க்காரி:

கப்பல்காரர் அண்ணா, பங்குனியில புகைக்கு ஊருக்குப் போற வழியில பினாங்குல இறங்குங்க. இங்கே கறிவேப்பிலை கட்டு கட்டா விக்கறாங்க. முகவரி தனிச்செய்தியில அனுப்பறேன்.

உறையூரான் சார், பதிவு விஷயத்துக்கு நீங்க பதில் சொல்லலையே?


உறையூரான்:

அம்மா, அதைச் சொல்லத்தான் வந்தேன். எங்களுதும் பதிவு பண்ணலை. நேத்து பரண் மேல ஏறி (இவ கீழே நின்னு ஏணியைப் பிடிச்சுக்கிட்டா, இப்ப விழற முறை என்னுதாம்) டிரங்குப் பெட்டியில கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்தேன். ஒரே ஒரு பிரதிதான் மிச்சம். ஓரத்தைக் கரையான் தின்னிருக்கு. "பிரமோதூத வருஷம் ஆவணி மாதம்" வரைக்கும் இருக்கு, அதுக்கப்புறம் தேதி இருந்த இடத்துல ஓட்டை. எனக்கு ஆவணி 14-னு ஞாபகம், இவ 21-ங்கிறா. 35 வருஷமா எந்தத் தேதியில கும்பகோணம் கோயிலுக்குப் போயிட்டிருந்தோம்னு இப்ப ரெண்டு பேருக்கும் சந்தேகம் வந்திருச்சு. பெரிய மச்சானுக்கு போன் போட்டேன், அவர்கிட்ட ஒரு பத்திரிகை இருக்காம். தேடி எடுத்துட்டு ஞாயித்துக்கிழமை வர்றேன்னாரு. எதுக்குன்னு கேட்டார், இன்னும் சொல்லலை.

ஜோகூருக்கு ஆடி முடிஞ்சதும் 25 நாள். பொண்ணு வீடு பாத்துக்கிட்டிருக்கா, சமையலறையோட.